எடிங்டன் பேசிய பிறகு



அச்சத்தையும் ஏச்சையும் தாண்டிக் கனவைத் தொடர்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் தன்னம்பிக்கை நூல்களின் கூட்டத்தில் நானும் ஒருவனாகிவிடுவேன். அதனால் ஒரு மனிதரை மட்டும், பெரும்பாலும் அவருடைய ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1935 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை. லண்டன் பர்லிங்டன் ஹவுஸில் ராயல் வானியல் கழகக் கூட்டம். கட்டுரை வாசிக்க வந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். வயது 24.

அவர் லாகூரில் பிறந்தவர். தந்தை ரயில்வே கணக்குத் துறையில் பெரிய அதிகாரி. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. சர் சி.வி. ராமன் சித்தப்பா. மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. உனக்குப் பிடித்ததைப் படி, யாருக்கும் பயப்படாதே என்று சொன்னவர் அம்மா சீதாலட்சுமி. இப்சனின் நாடகத்தைத் தமிழில் பெயர்த்த பெண்மணி அவர். 1930இல் மகனுக்கு இங்கிலாந்து செல்ல உதவித்தொகை கிடைத்தபோது அவர் கடும் நோயில் இருந்தார். போனால் மறுபடி பார்ப்போமா என்ற கேள்வி வீட்டில் எல்லோர் மனத்திலும் இருந்தது. தயங்கிய மகனைப் போகச் சொன்னவரும் அவரே. மறு ஆண்டு மே மாதம் அவர் காலமானார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில். சந்திரசேகரின் துணிச்சலைப் பேசுகிறவர்கள் கணக்கை இந்த அம்மாவிடமிருந்து தொடங்குவதில்லை. தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். மழைக்காலத்து அரபிக் கடல் முதலில் படுத்தி எடுத்தது. கடல் அடங்கியதும் காகிதத்தை எடுத்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி 'வெள்ளைக் குறளன்' ஆகிறது. சூரியன் அளவு நிறை, பூமி அளவு உருவம். அதற்கு மேல் சுருங்காமல் அதைத் தாங்குவது நெருக்கியடைக்கப்பட்ட எலெக்ட்ரான்களின் அழுத்தம் என்று 1926இல் இயற்பியலாளர் ஃபவ்லர் விளக்கியிருந்தார். அந்த நெருக்கத்தில் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமே, அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்பியலையும் சேர்க்க வேண்டாமா என்று கேட்டார் சந்திரசேகர். சேர்த்துப் பார்த்தால் ஒரு வரம்பு வந்தது. இன்றைய கணக்கில் சூரிய நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேற்பட்ட நிறையோடு எரிந்து முடியும் விண்மீனை அந்த அழுத்தத்தால் தாங்க முடியாது. பிறகு அது என்னவாகும்? பத்தொன்பது வயதுப் பையனிடம் அதற்கு விடையில்லை. அன்று உலகத்தில் யாரிடமும் இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து அந்தக் கணக்கை முழுமையாகப் போட உட்கார்ந்தார். அப்போது டிரினிட்டி கல்லூரியில் அவருடைய அறைக்கு அடிக்கடி வந்துபோனவர் ஆர்தர் எடிங்டன். 1919 சூரிய கிரகணத்தின்போது ஒளி வளைவதை அளந்து ஐன்ஸ்டைனை உலகப் புகழுக்குக் கொண்டுவந்தவர். விண்மீன் இயலில் அன்று அவரை மிஞ்சிய பெயர் இல்லை. பையன் மேசையில் எண்கள் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கையால் சுழற்றும் கணக்குப் பொறி ஒன்றை ஏற்பாடு செய்து கொடுத்தவரும் அவர்தான்.

கூட்டத்துக்கு முதல் நாள் நிகழ்ச்சிநிரல் கைக்கு வந்தது. தன் கட்டுரைக்கு அடுத்து எடிங்டனின் கட்டுரை, அதே பொருளில். அன்றிரவு கல்லூரி உணவுக்கூடத்தில் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். உனக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தரும்படி சொல்லியிருக்கிறேன் என்றார் எடிங்டன். தான் என்ன பேசப்போகிறார் என்பதைச் சொல்லவில்லை. மறுநாள் கூட்டத்துக்கு முன் தேநீர் வேளையில் யாரோ அவரிடம் தலைப்பைப் பற்றிக் கேட்டார். எடிங்டன் இளைஞர் பக்கம் திரும்பி, உனக்கு ஓர் ஆச்சரியம் வைத்திருக்கிறேன் என்ற தோரணையில் சிரித்தாராம்.

சந்திரசேகர் வாசித்து அமர்ந்தார். எடிங்டன் எழுந்தார். கணக்கில் பிழை என்று அவர் சொல்லவில்லை. பிழை இருந்தால் சுலபமாகப் போயிருக்கும். அந்தக் கணக்கு நிற்கும் அடிப்படையே கோணல் என்றார். ஒளியும் தப்பிக்க முடியாத அளவுக்கு விண்மீன் சுருங்கிக்கொண்டே போகும் என்பது அபத்தம், இயற்கை அப்படி நடக்க விடாது என்றார். சொன்ன விதத்தில் சபை சிரித்தது. கருந்துளையை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, இருக்கவே முடியாது என்று கதவைச் சாத்தியவர் அவர். சந்திரசேகருக்கு மறுமொழி சொல்ல வாய்ப்பு அமையவில்லை. வெளியே வந்தபோது ஒவ்வொருவராக வந்து, பாவம் சந்திரா, என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால், ஒரு பெரியவர் ஒரு சிறியவரை மட்டம் தட்டினார் என்று விட்டுவிடலாம். பிறகு நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. கோபன்ஹேகனில் இருந்த நண்பர் ரோசன்ஃபெல்டுக்குச் சந்திரசேகர் எழுதினார். எடிங்டன் சொல்வதில் பொருளே இல்லை என்பது ரோசன்ஃபெல்டின் கருத்தும் நீல்ஸ் போரின் கருத்தும். இயற்பியலாளர் பவுலியும் அப்படியே நினைத்தார். எந்த அடிப்படையை எடிங்டன் கோணல் என்றாரோ அதன் வேரில் இருந்தது பவுலியின் தத்துவம். அதைப் பகிரங்கமாகச் சொல்லுங்கள் என்றால், ஒருவரும் முன்வரவில்லை. அதே ஆண்டு பாரிஸில் சர்வதேச வானியல் மாநாடு. எடிங்டன் மறுபடி தாக்கினார். தலைமை வகித்த ஹென்றி நாரிஸ் ரசல், எடிங்டன் சொல்வதை நாங்கள் நம்புவதில்லை என்று தனியே சொல்லியிருந்தவர். அவரே மேடையில் பதில் பேச அனுமதி தரவில்லை.

அச்சம் என்று தலைப்பு கொடுத்தீர்களே, இங்கே அஞ்சியவர் யார்? கணக்கைப் போட்டவர் அஞ்சவில்லை. தவறாகச் சொன்ன எடிங்டனும் அஞ்சவில்லை. தன் பெயரைப் பணயம் வைத்துச் சபையில் சொன்னார். தாழ்வாரத்தில் ஒன்றும் மேடையில் ஒன்றும் பேசியவர்கள்தான் அஞ்சினார்கள். இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவியை அநியாயமாக மடக்கும்போது வாயே திறக்காமல், காபி இடைவேளையில் அவளிடம் வந்து, நீ சொன்னதுதான்மா சரி, என்று முணுமுணுக்கும் தேர்வாளரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏச்சு ஒருவனை அவ்வளவு எளிதில் முறிப்பதில்லை. சரி என்று தெரிந்தவர்களின் மௌனம் முறித்துவிடும்.

சந்திரசேகர் என்ன செய்தார்? கடைசிவரை போராடி வென்றார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் அப்படிச் செய்யவில்லை. 1937இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்குப் போனார். தன் கண்டுபிடிப்பு முழுவதையும் வைத்து ஒரு நூல் எழுதினார், 1939இல் வந்தது. அத்தோடு அந்தத் துறையை விட்டார். அடுத்து விண்மீன் கூட்டங்களின் இயக்கம், 1942இல் நூல். ஒளிக்கதிர்ப் பரிமாற்றம், 1950இல் நூல். பாய்மங்களின் நிலைப்பு, 1961இல் நூல். ஒரு துறைக்குள் போவது, பத்தாண்டு போல உழைப்பது, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி எழுதுவது, கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த துறையில் மாணவனாக உட்காருவது. இதுவே அவருடைய வாழ்க்கை முறை ஆகிவிட்டது. துறைத் தலைவராகிவிட்டவர் முதல் பாடத்திலிருந்து படிப்பதென்றால் அதற்கு எவ்வளவு தன்முனைப்பை விட வேண்டும் என்று பணி ஓய்வை நெருங்கும் நண்பர்கள் எண்ணிப் பாருங்கள்.

இதில் நட்டமும் இருந்தது. 1939இல் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் விண்மீன் முழுதாகச் சரிவதைக் கணக்கிட்டார்கள். ஆனாலும் 1960கள் வரை அந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் சீந்தவில்லை. எடிங்டன் சிரிக்கவைக்காமல் இருந்திருந்தால், சந்திரசேகர் விலகாமல் இருந்திருந்தால் கருந்துளை இயற்பியல் முன்பே வளர்ந்திருக்கும் என்பவர்கள் உண்டு. அந்தக் கட்சியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் இருபத்துநான்கு வயதுப் பையன் தன் ஆயுள் முழுவதையும் ஒரு வழக்காடு மன்றமாக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை.

எடிங்டனோடு அவர் பேச்சை நிறுத்தவில்லை. எடிங்டன் தீவிர சைக்கிள் பிரியர். ஒரே நாளில் குறைந்தது எத்தனை மைல் ஓட்டினாரோ, அப்படி ஓட்டிய நாட்களும் அத்தனை ஆனால்தான் அந்த எண்ணை எட்டியதாகத் தனக்கென ஒரு கணக்கு வைத்திருந்தார். போர்க்காலத்தில் சந்திரசேகருக்கு எழுதிய கடிதத்தில் அந்த எண் 77 ஆகிவிட்டது என்று பெருமையோடு தெரிவிக்கிறார். தன்னைச் சபையில் நகைப்புக்கு இடமாக்கியவரோடு சைக்கிள் கணக்குப் பேச முடிந்திருக்கிறது! 1982இல் எடிங்டன் நூற்றாண்டுச் சொற்பொழிவுகளைக் கேம்பிரிட்ஜில் நிகழ்த்தியவரும் இவரே. எடிங்டனை அவருடைய காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்றார். 1935ஐயும் மறைக்கவில்லை.

1970களில், அறுபது கடந்த வயதில், கருந்துளைகளின் கணிதத்துக்கு வந்தார். தன் பழைய கணக்கு கைகாட்டிய இடம் அதுதான். 1983இல் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 19, அவருடைய 73ஆம் பிறந்த நாளன்று நோபல் பரிசு அறிவிப்பு வந்தது. அதன் பிறகும் அவர் ஓய்வெடுக்கவில்லை. நியூட்டனின் பிரின்சிபியாவை எடுத்தார். ஒவ்வொரு தேற்றத்தையும் முதலில் தாமே நிறுவிப் பார்ப்பார். பிறகு நியூட்டன் எப்படிச் செய்தார் என்று ஒப்பிடுவார். பெரும்பாலும் நியூட்டனின் வழியே அழகாக இருந்தது என்று எழுதிவைத்தார். 1995இல் அந்த நூல் வந்தது. வரலாற்றறிஞர்கள் அதில் நிறையக் குறை கண்டார்கள்; அவற்றில் சில சரியான குறைகளே.