ஓடினால்தான் கார்



வானொலியில் பழைய கார்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். மதுரை ஆரப்பாளையம் பக்கம் பட்டறை வைத்து, கிரீஸ் கையோடு காலம் கழித்தவன் நான். இந்தப் பேச்சு எனக்குச் சலிக்கவே சலிக்காது.

மதுரைக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு பழையது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் இங்கேதான் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். அவருடைய பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியை ஓட்டும் கருவியை அவருடைய நிறுவனமே தயாரித்தது. பெட்ரோல் இல்லையென்று வண்டியை மூலையில் நிறுத்தவில்லை பாருங்கள், அந்தக் குணத்தைப் பற்றித்தான் நான் இன்றைக்குப் பேச நினைக்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்குக் கார் என்றால் மூன்று பெயர்கள்: அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்ட். அம்பாசடர் வங்காளத்து உத்தரபாராவிலிருந்து வந்தது. 2014 வரைக்கும் அதைத் தயாரித்தார்கள். எட்டுப் பேர் ஏறினாலும் முகம் சுளிக்காது. பியட் பம்பாய் வண்டி, பின்னால் பத்மினி என்று பெயர் மாறியது. ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருக்கும். இவற்றைப் பற்றி இன்னும் சொல்லலாம். ஆனால் மனசு ஸ்டாண்டர்ட் ஹெரால்டிடம் ஓடுகிறது. நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் வந்த வண்டி. அதன் உருவத்தை அமைத்தவர் மிச்சலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி அதைத் தயாரித்தது. மூன்றில் தமிழ்நாட்டு வண்டி இதுதான். மற்ற கார்களில் பானெட்டைத் தூக்கிவிட்டு மெக்கானிக் குனிந்து இடுப்பொடிய வேலை பார்க்க வேண்டும். ஹெரால்டில் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு நிதானமாக பிளக்கைக் கழற்றலாம், பாயிண்ட் சுத்தம் செய்யலாம். தொழிலாளியின் முதுகை நினைத்துப் பார்த்த வண்டி என்று நான் இதைச் சொல்வேன்.

இன்னொன்று கேளுங்கள். இருபத்தைந்து அடி விட்டத்துக்குள் அது முழு வட்டம் போட்டுத் திரும்பிவிடும். நம் மாசி வீதிகளை, அவற்றிலிருந்து கிளம்பும் சந்துகளை நினைத்துப் பாருங்கள். பெரிய கார்கள் முன்னும் பின்னுமாகத் திணறுகிற இடத்தில், மாட்டுவண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் வழிவிட்டு ஹெரால்டு லாவகமாகத் திரும்பி வரும். பின்பக்கம் குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங் கட்டுதான், அதுதான் அதன் பலவீனம். கல்யாணக் கூட்டத்தை ஏற்றினால் பின் சக்கரங்கள் உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். அதே கம்பெனியிலிருந்து 1971-இல் வந்த கெசல் காரில் பின் ஆக்சிலையே மாற்றி அமைத்தார்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கொண்டுவந்த ஹெரால்டை என்னால் மறக்க முடியாது. வீட்டுக்காரர் காலமான பிறகு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்றுவிட்ட வண்டி. பேரனுக்கு அதைப் பழைய இரும்புக்குப் போடுகிற எண்ணம். பாட்டி சம்மதிக்கவில்லை. டாங்கி முழுக்கத் துரு, சீட்டுக்குள் எலிக்கூடு. டாங்கியைக் கழற்றி, உள்ளே சரளைக்கல் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை எடுத்தோம். பிரேக் முழுவதும் புதிதாகப் போட்டோம். வேலை நடக்கும்போது பார்க்க வந்த பாட்டி, பெயிண்ட் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தம்பி, ஹாரனை மட்டும் மாத்திறாதப்பா. தெருமுனையில அது கேட்டாத்தான் நான் காப்பிக்குப் பால் வைப்பேன்" என்றார். ஒரு வீட்டின் அன்றாடத்துக்குள் கார் எப்படிக் கலந்திருந்தது பாருங்கள்! அதே ஹாரனைத்தான் சரிசெய்து பூட்டினோம். பாட்டியை ஏற்றிக்கொண்டு பேரனே அழகர்கோவிலுக்கு ஓட்டிப் போனான். அதன் பிறகு விற்கிற பேச்சே எழவில்லை.

பட்டறைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது காது கொடுத்துக் கேட்பதைத்தான். நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால் வால்வு தட்டுவதா, பேரிங் கத்துவதா என்று தெரிந்துவிடும். மருத்துவர் மார்பில் கருவி வைத்துக் கேட்பது போலத்தான். பழைய வண்டி தன் நோயைச் சொல்லிவிட்டுத்தான் படுக்கும். கேட்கிற பொறுமை நமக்கு வேண்டும். அந்தப் பொறுமை வந்தவன் வீட்டிலும் நாலு வார்த்தை காது கொடுத்துக் கேட்பான் என்பது என் அனுபவம்.

"பழைய வண்டி புகை விடுமே ஐயா" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கார்புரேட்டரை ஒழுங்காக டியூன் செய்யாத வண்டியைத் தெருவில் எடுக்கக் கூடாது. தினசரி வேலைக்கு பஸ்ஸில் போங்கள். ஆனால் வாரம் ஒருமுறை, வெயில் ஏறுவதற்கு முன்னால், மேலூர் வரைக்கோ திருமங்கலம் வரைக்கோ ஓட்டிவிட்டு வாருங்கள். இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நிறுத்தியே வைத்தால் டாங்கி துருப்பிடிக்கும், பழைய ரப்பர் ஹோசும் கெட்டுவிடும். ஹோசை மட்டும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு, 2021 முதல் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் தரும் விதி வந்திருக்கிறது. நல்ல கௌரவம்தான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சிக்கு வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தும். குடும்பத்தோடு போய்வர விரும்புகிறவர்கள், சாதாரணப் பதிவையே காலாகாலத்தில் புதுப்பித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ பழைய கார் நின்றுகொண்டிருந்தால், இரும்புக்கடைக்காரரைக் கூப்பிடும் முன்பு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வேலை நடக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, கையில் ஒரு ஸ்பானரைக் கொடுங்கள். பழுதானதைச் சரிசெய்து பயன்படுத்தும் பழக்கம் இந்த மதுரை மண்ணில் இன்னும் பல தலைமுறைக்கு நிலைக்க வேண்டும். அதுதான் என் ஆசை.