நோவும் மின்சாரமும்

நோவைத் தணிக்க மனிதன் நாடாத மருந்தில்லை. மின்சாரத்தையும் அவன் விட்டுவைக்கவில்லை. நான் வைத்தியனல்லன்; பள்ளிக்கூடத்தில் தொழில் புரிபவன். மாணவன் ஒன்றைக் கூறினால், "அதனை எவ்வாறு அறிந்தாய்?" என்று கேட்பது எங்கள் வழக்கம். அதே வினாவை இவ்வைத்திய முறையிடமும் கேட்டுப் பார்ப்போம்.

மின்சாரம் இன்னதென்று எவரும் அறியாத காலத்திலேயே இம்முறை தொடங்கிவிட்டது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரி வைத்தியரான ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைநோவுக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை நோவுள்ள இடத்தில் வைக்கும்படி எழுதினார். கால்வாதமுடையோர் கடற்கரை ஈரமணலில் அம்மீனை மிதித்துக்கொண்டு, கால் மரத்துப்போகும்வரை நிற்கவேண்டும் என்றார்.

மீன் செய்த வேலையை இன்று உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி செய்கின்றது. 'டென்ஸ்' என்பது அதன் பெயர். தோலில் ஒட்டப்படும் பட்டைகளின் வழியே மெல்லிய மின்துடிப்புகள் சென்று நரம்புகளைத் தூண்டுகின்றன.

இதனால் நோவு எவ்வாறு தணியக்கூடும்? முழங்கால் எதிலேனும் இடிபட்டால் உடனே அவ்விடத்தைத் தேய்க்கின்றோம். நோவு சற்றே அடங்குகின்றது. தொடுகையுணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகள் தூண்டப்படும்போது, நோவுச் செய்தி மூளைக்குச் செல்லும் வழியில், முள்ளந்தண்டிலுள்ள ஒரு 'வாயில்' ஒடுங்குகின்றது என மெல்சாக், வோல் என்னும் அறிஞர் இருவர் 1965ஆம் ஆண்டில் விளக்கினர். 1967இல் வோலும் சுவீற் என்னும் வைத்தியரும் நாட்பட்ட கடும் நோவுடைய எண்மருக்கு மின்துடிப்புகளைச் செலுத்தினர். இரண்டு நிமிடத் தூண்டலின்பின், அவருள் நால்வருக்கு அரை மணி நேரத்துக்கு மேலாக நோவு தணிந்திருந்தது.

ஆயினும், "எனக்குச் சுகமாயிற்று" என்று ஒருவர் கூறுவது மட்டும் போதிய சான்றாகுமா? 1796இல் அமெரிக்க வைத்தியர் எலிசா பேர்க்கின்ஸ் இரு உலோகக் கோல்களுக்கு உரிமம் பெற்றார். அவற்றால் உடலைத் தடவினால் நோவுக்குக் காரணமான மின்பொருள் வெளியேறும் என்பது அவர் கூற்று. சுகமடைந்தோம் என்று பலர் சாட்சி கூறினர். 1799இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஹேகார்த் என்னும் வைத்தியர், உலோகம்போல் வர்ணம் பூசிய மரக்கோல்களால் ஐந்து நோயாளரைத் தடவச் செய்தார். நால்வர் நோவு குறைந்தது என்றனர்! அவர்கள் பொய் கூறவில்லை; நம்பிக்கையும் நோவைத் தணிக்க வல்லது. ஆகவே, ஒரு கருவியின் உண்மைப் பயன், மரக்கோலைவிட அது எவ்வளவு மிகுதியாகச் செய்கின்றது என்பதேயாகும்.

அவ்வாறு நிறுத்துப் பார்த்த உலக சுகாதார நிறுவனம், நாட்பட்ட இடுப்பு நோவுக்கு 'டென்ஸ்' கருவியை வழக்கமான சிகிச்சையாகக் கொள்ளவேண்டாம் என 2023இல் அறிவுறுத்தியது. முறையான உடற்பயிற்சியை ஏற்றுக்கொண்டது.

இக்கருவியால் ஆறுதல் பெறுவோரை நாம் எள்ளவேண்டியதில்லை. ஆனால், இருதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டோரும், கருவுற்றோரும், வலிப்பு நோயுடையோரும் வைத்தியரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது. கழுத்தின் முன்புறத்திலும் புண்பட்ட தோலிலும் பட்டைகளை ஒட்டலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோவு ஏன் வந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். காரணம் தெரியாத நோவை மாதக்கணக்கில் கருவியால் அடக்கிவைத்தால், உள்ளிருக்கும் நோய் அந்தக் காலமெல்லாம் வளரக்கூடும். கருவியை வாங்கக் கடைக்குச் செல்லுமுன் வைத்தியரிடம் செல்லுங்கள்.