பீடித்தட்டின் முன் கேட்க வேண்டிய கேள்விகள்



வேலை தரும் மன நெருக்கடியை அளக்க முடியுமா, அப்படி அளந்தால் அது உடம்பின் நோயைப் பற்றி என்ன சொல்லும் என்பதே இன்றைய பொருள். இதைக் கேட்டதும் சென்னையின் மென்பொருள் நிறுவனங்கள்தான் பலருக்கும் நினைவில் வரும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. கடையம், பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம், முக்கூடல் என்று இந்த வட்டாரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், மடியில் பீடித்தட்டோடு பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பிள்ளைகளைப் படிக்க வைத்தது, மகளுக்கு நகை சேர்த்தது, மழை பொய்த்த ஆண்டில் அடுப்பை எரியவிட்டது எல்லாம் அந்தத் தட்டுதான். அந்த வேலையை உலகத்து ஆய்வாளர்களின் அளவுகோல் கொண்டு பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அளவுகோல் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967-இல் லண்டனில் அரசு ஊழியர்களின் இதய நலத்தை ஆராயத் தொடங்கினார்கள். வொய்ட்ஹால் ஆய்வு என்று அதற்குப் பெயர். பெரிய அதிகாரிக்குத்தான் பொறுப்பு அதிகம், கவலை அதிகம், ஆகவே மாரடைப்பும் அவருக்கே அதிகம் வரும் என்று அன்று பரவலாக நம்பினார்கள். விடை தலைகீழாக வந்தது. கடைநிலைப் பணியாளர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளுடையதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி அப்படியே நின்றது. மைக்கேல் மார்மட் 1985-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொண்டு இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார். தன் வேலையில் தனக்கு அதிகாரம் குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுகிறது என்பது 1997-இல் வெளியான முடிவுகளில் தெரிந்தது.

இதற்கு முன்பே, 1979-இல், ராபர்ட் கராசெக் இரண்டு கேள்விகளை வகுத்திருந்தார். வேலை உன்னை எவ்வளவு நெருக்குகிறது? அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்க உனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது? நெருக்கல் கூடி உரிமை குறைந்த வேலையே உடம்பைக் கெடுக்கும் என்றார் அவர். உடன் வேலை செய்வோரின் ஆதரவைப் பிறகு வந்தவர்கள் மூன்றாவதாகச் சேர்த்தார்கள். ஜெர்மனியின் யோகன்னஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் வேறொரு கணக்கைப் போட்டார்: கொடுக்கும் உழைப்புக்கு ஈடாகக் கூலியும் மதிப்பும் வேலை நிலைக்கும் என்ற உறுதியும் கிடைக்கின்றனவா?

இந்த வினாத்தாள்களில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. இவை மனத்தைக் குடைவதில்லை. வேலையைப் பற்றிக் கேட்கின்றன. "உங்களுக்கு மனக்கவலை உண்டா?" என்று கேட்டால் நம் ஊரில் ஒரு பெண் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று எழுந்து போய்விடுவார். "இன்னைக்கு இலை எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்.

அந்தப் பேச்சையே இப்போது அளவுகோலில் வைப்போம். முதலில் நெருக்கல். இலையை நனைத்து, தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கிக் கட்டுகளாக்க வேண்டும். ஆயிரம் பீடி என்பது தேர்ந்த கைக்கும் ஒரு முழு நாள் வேலை. அந்த நாளுக்குள்ளேயே சமையல், தண்ணீர், பிள்ளை, மாமியாரின் மருந்து எல்லாம் இருக்கின்றன. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் இதய ஆய்விலிருந்து 1980-இல் வந்த ஒரு கட்டுரை, எழுத்தர் வேலையும் பார்த்துப் பிள்ளைகளையும் வளர்த்த பெண்களுக்கு இதய நோய் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அங்கே இரண்டு வேலைக்கும் நடுவில் ஒரு பேருந்துப் பயணமாவது இருந்திருக்கும். இங்கே இரண்டும் ஒரே திண்ணையில் நடக்கின்றன.

அடுத்து உரிமை. வீட்டு வேலைதானே, நினைத்த நேரத்தில் எழுந்துகொள்ளலாமே என்று வெளியிலிருப்பவர்கள் சொல்வார்கள். எழுந்துகொள்ளலாம்தான். ஆனால் இலையின் தரத்தையும் எடையையும் முடிவு செய்வது கடை. இலை சொத்தையாக இருந்து குறைந்தால், சொந்தக் காசில் இலை வாங்கிக் கணக்கை நிறைவு செய்ய வேண்டும். கொண்டுபோன பீடியில் எது தேறும், எது கழியும் என்பதையும் எதிரே நிற்கும் ஒருவரே சொல்கிறார். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருள் வழங்குவது, பீடியைக் கழிப்பது, கழித்த பீடிக்குக் கூலி தருவது ஆகிய மூன்றிலும் எழும் தகராறுகளைத் தீர்க்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்று எழுதி வைத்தது. மேலை ஆய்வாளர்கள் அளவுகோல் வகுப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நம் தொழிற்சங்கத்தாரும் சட்டம் இயற்றியவர்களும் நெருக்கடி எங்கே பிறக்கிறது என்று சரியாக விரல் வைத்திருக்கிறார்கள். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஈட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதால் காய்ச்சல் நாளுக்குக் கூலி இல்லை. பாஸ் புத்தகத்தில் பெயர் ஏறாதவருக்கு வருங்கால வைப்பு நிதியும் இல்லை. 1976-இன் சட்டங்களால் வந்த நலநிதிக்கான தனித் தீர்வை 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது நின்றுபோனது. வாரத்தில் எத்தனை நாள் இலை கிடைக்கும் என்ற கவலை வேறு.

ஆதரவு என்ற கேள்விக்கு மட்டும் நம் திண்ணைகள் நல்ல மதிப்பெண் வாங்கும். நான்கு பேர் கூடி உட்கார்ந்து சுற்றுகிறார்கள். ஒருத்திக்குக் கணக்கு முடியவில்லை என்றால் மற்றவள் ஐம்பது சுற்றிக் கொடுக்கிறாள். ஆய்வு செய்ய வருபவர்கள் இதைக் குறைவாக மதிப்பிட்டுவிடக் கூடாது.

சரி, இந்த நெருக்கடி உடம்பை எவ்வளவு பாதிக்கும்? 2012-இல் லான்செட் இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வில் ஐரோப்பாவின் 13 ஆய்வுகளிலிருந்து 1,97,473 பேர் இடம்பெற்றார்கள். நெருக்கல் கூடி உரிமை குறைந்த வேலையில் இருந்தவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 23 விழுக்காடு அதிகம். புகைப்பழக்கம் செய்யும் கேட்டோடு ஒப்பிட்டால் இது சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிகைப்படுத்தினால் நம் வாதம்தான் கெடும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் நேரானது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம். அது கூலி வேலையின் மணிக்கணக்கு மட்டும். அடுப்படி மணிக்கணக்கை அதில் சேர்க்கவில்லை.

பீடித் தொழிலில் அளப்பதற்கு ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. புகையிலைத் தூளின் நிகோட்டின் தோல் வழியாகவும் உடலில் ஏறும். நெஞ்சுப் படபடப்பையும் இரத்த அழுத்தத்தையும் அதுவே கூட்டும். ஆகவே ஒருவருக்கு அழுத்தம் 150 என்று வந்தால், தூள் எவ்வளவு, நெருக்கடி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே தூளைத் தொடும் பெண்களுக்குள், நல்ல இலை ஒழுங்காகக் கிடைப்பவர்களையும் நாள்தோறும் கழிவு வாங்குபவர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரத்த அழுத்தமானியும், பொறுமையாகக் கேட்டு எழுத ஓர் ஆளும் இருந்தால் போதும்.

அந்த ஆள் ஏற்கெனவே நம் தெருவுக்கு வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். நல்ல திட்டம். மாத்திரை வாங்கும் பெண் என்ன வேலை செய்கிறார், அந்த வேலை அவரை எப்படி நடத்துகிறது என்ற குறிப்பும் அந்தப் பதிவில் சேர வேண்டும். நோயாளியிடம் "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று மருத்துவர் தவறாமல் கேட்க வேண்டும் என இத்தாலியின் பெர்னார்டினோ ராமசீனி 1700-லேயே எழுதினார். புகையிலைத் தொழிலாளருக்கு அவர் நூலில் தனி இயலே உண்டு.

ஆகவே ஐந்து கேள்விகளை முன்வைக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பீடி, எத்தனை மணி நேரம்? போன வாரம் எத்தனை நாள் இலை கிடைத்தது? இலை போதாமல் சொந்தக் காசு போட்டீர்களா? எவ்வளவு கழித்தார்கள், ஏன் என்று உங்களால் கேட்க முடிந்ததா? முடியாத நாளில் உதவ யார் இருக்கிறார்கள்? இவற்றைக் கடையம் ஒன்றியத்தில் ஓராண்டு மட்டும் அழுத்தக் கணக்கோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். சங்கத்தாரும் சுகாதாரத் துறையாரும் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் சேர்ந்தால் இது முடியும். இங்கே வந்திருக்கும் பீடி சுற்றும் தாய்மார்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை வீட்டுக்கு வந்து கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்ப்பவரிடம், அவர் கேட்காவிட்டாலும், உங்கள் கணக்கையும் கழிவையும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.