214 கோடி எண்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். இது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாது.

இதை 1772-இல் நிறுவியவர் லெயோனார்டு ஆய்லர். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது. நேர்வழியில் சோதித்தால் 46,340 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை நாலாயிரத்துக்கும் மேல். ஆய்லர் குறுக்குவழி கண்டார். இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 248 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க முடியும். ஆக, சோதிக்க வேண்டியவை நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கின. கணிப்பொறி இல்லாத காலத்தில் இதைவிட அழகான சிக்கனம் அரிது.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இப்படி இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்துப் பெறும் பகா எண்களில் இதைவிடப் பெரியதை யாரும் தேடப்போவதில்லை என்று கருதினார். ஆனால் 1876-இல் எதுவார் லூக்கா அதே வகையில் 39 இலக்கப் பகா எண்ணையே கண்டுபிடித்துவிட்டார்.

32 பிட் கணிப்பொறியில் ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போக, மீதி 31 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண்ணும் ஆய்லர் சோதித்த அந்த 214 கோடி எண்தான். 1970 முதல் நொடிகளை இப்படி எண்ணிவரும் பழைய கணிப்பொறிக் கடிகாரங்கள், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இந்த எல்லையைத் தொடும்.