இல்லக் கணினிக்கு ஒரு பெரிய வன்தட்டு

ஊரை விட்டு வெகு தொலைவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் முன்னெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். ஊரிலிருந்து வந்த கடிதங்களும், கலியாணப் பத்திரிகைகளும், மங்கிய புகைப்படங்களும் அதில் அடைக்கலம் புகுந்திருக்கும். தில்லியிலோ மும்பையிலோ ஜாம்ஷெட்பூரிலோ எத்தனை முறை வீடு மாறினாலும் அப்பெட்டி மட்டும் தவறாமல் உடன் வரும். இன்று அதன் இடத்தைக் கணினியினுள் இருக்கும் வன்தட்டு பிடித்துக்கொண்டது. ஹார்ட் டிஸ்க் என்று கடைத்தெருவில் வழங்குவது அதுவே. அதனைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதைப் பற்றி இன்று நாம் சிறிது சிந்திப்போம்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். விடுமுறைக்கு ஊர் சென்றபோதெல்லாம் எங்கள் அன்னையார் பேசியதையும் தாலாட்டுப் பாடியதையும் பதிவு செய்து ஒரே வன்தட்டில் சேர்த்து வைத்திருந்தோம். ஒரு நாள் அதிலிருந்து 'டிக், டிக்' என்று ஓசை எழுந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். பத்து நாளில் அது முற்றிலும் ஓய்ந்தது. அன்னையாரோ அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். கோவையில் உள்ள தங்கைக்கு எப்போதோ அனுப்பி வைத்த ஒரு பகுதி மட்டுமே எஞ்சியது. அது பத்து நிமிடப் பதிவு. இப்பேச்சின் பொருள் வெறும் கடைச்சரக்கு அன்று என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

வன்தட்டின் அமைப்பை அறிந்தால் அதன் இயல்பும் விளங்கும். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள அவ்வியந்திரம் ஐம்பது லட்சம் எழுத்துகளைக் கொண்டது. இன்று உள்ளங்கையில் அடங்கும் 4 டெராபைட் வன்தட்டு அதைப்போல் எட்டு லட்சம் மடங்கு கொள்கிறது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல், மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளியில், படிக்கும் முனை மிதந்து செல்கிறது. சுழலும்போது ஓர் அதிர்ச்சி பட்டால் முனை தட்டைத் தீண்டிவிடும். தீண்டிய இடம் பாழ்.

இனி, எவ்வளவு கொள்ளளவு வேண்டும்? கைபேசியில் எடுக்கும் படம் ஒன்றுக்கு 4 மெகாபைட் என்று கொண்டால், பத்தாயிரம் படங்களுக்கு 40 ஜிகாபைட்டே ஆகிறது. இடத்தை விழுங்குவது அசையும் படமே. மிகத் தெளிவான 4கே காட்சி ஒரு மணி நேரத்திற்கு 10 முதல் 20 ஜிகாபைட் வரை பிடிக்கும். ஒரு கலியாணத்தை முழுவதும் படமெடுத்தால் இருநூறு ஜிகாபைட் எளிதில் போய்விடும். ஆகவே இன்று கைவசம் உள்ளதைக் கணக்கிட்டு, ஐந்தாண்டில் சேரக்கூடியதையும் கூட்டி, அதன்மேல் கால் பங்கு காலியிடம் விட்டு வாங்குவது நலம். விலையை டெராபைட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மிகச் சிறிய தட்டு சிக்கனமானதாக இராது என்பது புலப்படும்.

வாங்கிவந்த 4 டெராபைட் தட்டைக் கணினி 3.63 என்று காட்டும்போது பலர் கடைக்காரர்மீது ஐயுறுகின்றனர். அது வஞ்சனையன்று. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகின்றனர். விண்டோஸ் 1,024 ஆகப் பெருக்குகிறது. அளவு ஒன்றே, படிதான் வேறு.

அடுத்துக் கவனிக்க வேண்டியது பதியும் முறை. சி.எம்.ஆர்., எஸ்.எம்.ஆர். என இருவகை உண்டு. முன்னதில் தடங்கள் தனித்தனியே அமைந்திருக்கும். பின்னதில், நம் ஊர் ஓட்டு வீட்டின் கூரையைப்போல், ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் மற்றொரு தடம் ஏறியிருக்கும். அதனால் இடம் மிச்சமாகிறது. ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்றப் பக்கத்து ஓடுகளையும் பிரிக்க வேண்டியிருப்பதுபோல், ஒரு தடத்தைத் திருத்தி எழுத அடுத்தடுத்த தடங்களையும் எழுத நேர்கிறது. எழுதிவிட்டு எடுத்துப் பார்ப்பதோடு நிற்பவர்களுக்கு எஸ்.எம்.ஆர். போதும். படத்தொகுப்பு முதலிய வேலைகளை நாள்தோறும் செய்பவர்களும், பல தட்டுகளை இணைத்து ரெய்டு முறையில் பயன்படுத்துபவர்களும் சி.எம்.ஆர். வாங்குவதே தகும். பெட்டியின்மேல் இது அச்சிடப்படாமல் இருக்கலாம். மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் பார்த்துத் தெளிக.

கணினியின் இயங்குதளத்தை இப்பெரிய தட்டில் வைக்க வேண்டா. சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றில் வைத்தால் கணினி விரைந்து எழும். பெரிய தட்டு சேமிப்புக்கு மட்டும் இருக்கட்டும். அவ்வாறாயின் 5,400 சுற்றே போதுமானது. ஓசையும் வெப்பமும் குறைவு.

கடைக்குப் புறப்படுமுன் கணினியின் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூன்றரை அங்குலத் தட்டுக்கு இடம் உண்டா? சாட்டா இணைப்பும் அதற்குரிய மின்கம்பியும் மீதமுள்ளனவா? இவற்றைப் பாராமல் நேரு பிளேஸுக்கும் லாமிங்டன் ரோட்டிற்கும் இருமுறை நடந்தவர்கள் நாங்கள். கடையில் பட்டியலுடன் கூடிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தட்டின் தொடர் எண்ணைத் தயாரிப்பாளரின் வலைத்தளத்தில் இட்டு, இந்தியாவில் உத்தரவாதம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். சாதாரணத் தட்டுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டும், உயர்தரத் தட்டுகளுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டும் உத்தரவாதம் தருகின்றனர். ஆனால் உத்தரவாதம் புதிய தட்டைத்தான் தரும். அதில் இருந்த குரலைத் தராது.

வீட்டிற்கு வந்ததும் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டை ஜி.பி.டி. முறையில் பிரிக்க வேண்டும். பழைய எம்.பி.ஆர். முறை அதற்குமேல் இடங்கொடாது. பிறகு விரைவு முறையை விடுத்து முழு ஃபார்மட் செய்யுங்கள். 4 டெராபைட்டுக்குப் பல மணி நேரம் ஆகும். இரவில் தொடங்கிவிட்டு உறங்கலாம். தட்டில் பிறவிக் குறை இருப்பின், மாற்றித் தரும் கெடுவுக்குள்ளேயே அது வெளிப்பட்டுவிடும். அதன்பின் மாதம் ஒருமுறை ஸ்மார்ட் எனப்படும் தன்னறிக்கையைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் தட்டு விடைபெறத் தயாராகிறது என்று பொருள். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊர்களில் யு.பி.எஸ். இன்றியமையாதது.

பணியின் காரணமாக மாற்றலாகிச் செல்வது நம்மவர்க்கு வழக்கம். வீடு மாறும்போது கணினியை லாரியில் ஏற்றினாலும், வன்தட்டைக் கழற்றி, மெத்தென்ற உறையில் சுற்றி, கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். லாரியின் குலுக்கலை அது தாங்காது போகலாம்.

இத்தனையும் கூறியபின் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். கையில் உள்ள பணத்திற்கு 8 டெராபைட் தட்டு ஒன்று கிடைக்குமானால், அதைக் காட்டிலும் 4 டெராபைட் தட்டுகள் இரண்டு வாங்குவதே அறிவுடைமை. ஒன்று கணினியினுள் இருக்கட்டும். மற்றதில் படி எடுத்து, கணினியிலிருந்து பிரித்து வைத்துவிடுங்கள். இணைந்தே இருந்தால், தவறி அழித்ததும் வைரஸ் கெடுத்ததும் இரண்டையும் சேர்த்தே கெடுக்கும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இன்னொரு படியை அங்கே உறவினர் ஒருவரிடம் கொடுத்து வைப்பது மேலும் சிறப்பு. வெள்ளமோ தீயோ திருட்டோ ஒரே நாளில் இரண்டு ஊர்களில் நேர்வது அரிது.

எந்த வன்தட்டும் ஒரு நாள் நின்றே தீரும். அது எந்த நாள் என்பதுதான் தெரியாது. எங்கள் அன்னையாரின் தாலாட்டில் பத்து நிமிடம் எங்களுக்கு மிஞ்சியது, தங்கையின் வீட்டில் ஒரு படி இருந்ததனால்தான். இப்பொழுது அது நான்கு வீடுகளில் இருக்கிறது. உங்கள் இல்லத்துக் குரல்கள் இன்று எத்தனை இடங்களில் இருக்கின்றன என்று இன்றிரவே எண்ணிப் பாருங்கள். ஒன்று என்பது விடையானால், நாளைக் காலையிலேயே கடைக்குப் புறப்படுங்கள்.