பள்ளிக்கூட வாசலில் யார் சரக்கு?

(வட்டார விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

தர்ணாவுக்கான நோட்டீசை எல்லோரும் படித்திருப்பீர்கள். அதில் நாலாவது கோரிக்கையைப் பார்த்துவிட்டுப் பல பேர் என்னிடம் கேட்டார்கள். "பள்ளி வளாகத்திலும் பள்ளி வாசலிலும் பாக்கெட் நொறுக்குத்தீனி விற்பதைத் தடுக்கும் சட்டத்தை அமல்படுத்து" என்பதுதான் அந்தக் கோரிக்கை. ஒரு பெரியவர் நேராகவே கேட்டுவிட்டார்: "ஏம்பா செயலாளரே, உரம் கிடைக்கல, மல்லாட்டைக்கு விலை இல்ல. புள்ளைங்க சிப்ஸ் தின்றதா இப்ப நமக்குப் பெரிய பிரச்னை? அது வாத்தியார் பார்த்துக்கிற வேலையாச்சே?"

நியாயமான கேள்வி. மல்லாட்டை விலையும் பிள்ளைகள் தின்கிற பாக்கெட்டும் ஒரே பிரச்னையின் இரண்டு முனை என்று சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

முதலில் பிள்ளைகள் சங்கதியைப் பார்ப்போம்.

விடியக்காலையில் களை எடுக்கப் போகிற தாய் என்ன செய்கிறாள்? அடுப்பு பற்றவைக்க நேரமில்லை. பிள்ளை கையில் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவளைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தப் பத்து ரூபாய்க்காகத்தான் கடை வாசலில் சரம் சரமாகப் பாக்கெட்டைத் தொங்க விட்டிருக்கிறார்கள். ஐந்து ரூபாய் பாக்கெட், இரண்டு ரூபாய் பாக்கெட், உள்ளே ஒரு பொம்மை. பதினொரு மணி இன்டர்வெல்லில் பிள்ளை அதைத் தின்கிறது, மேலே ஒரு கலர் பாட்டில் குடிக்கிறது. ஒரு மணிக்குச் சத்துணவு மணி அடித்தால் பசி இல்லை. சோறும் முட்டையும் தட்டிலேயே கிடக்கிறது.

அந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது? உப்பு, மாவு, பாமாயில், காரப்பொடி, வாசனைப்பொடி. 300 மில்லி கலர் பாட்டிலில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கணக்கு வளர்ந்த ஆளுக்கு. ஏழு வயசுப் பிள்ளை ஒரே மூச்சில் அதைத் தாண்டிவிடுகிறது.

"நம்ம பிள்ளைங்க எல்லாம் ஒல்லியாத்தானே இருக்கு, குண்டாகிறது பட்டணத்துப் பிரச்னைதானே?" என்று சிலர் நினைக்கலாம். 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. சத்துணவு கண்ட மாநிலத்தில் இந்த நிலைமை. ரத்தம் குறைவாக இருக்கிற பிள்ளைக்கு வயிற்றில் கொஞ்சம்தான் இடம். அந்த இடத்தை உப்பும் பாமாயிலும் பிடித்துக்கொண்டால் கீரைக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் எங்கே இடம்? குண்டான பிள்ளைக்கு ஒரு கேடு என்றால் ஒல்லியான பிள்ளைக்கு இன்னொரு கேடு.

இப்போது நம்ம சங்கதிக்கு வருவோம்.

அந்தப் பாக்கெட்டில் இருக்கும் பாமாயில் எங்கிருந்து வந்தது? இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. 1986-இல் மத்திய அரசு எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியது. நாம் மல்லாட்டை போட்டோம், வடக்கே கடுகும் சோயாவும் போட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் நாட்டுக்குத் தேவையான எண்ணெயை ஏறக்குறைய நாமே உற்பத்தி செய்யும் நிலை வந்தது. 1994-இல் பாமோலின் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். இன்றைக்கு நாடு ஆண்டுக்கு 150 லட்சம் டன்னுக்கு மேல் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்கிறது. நாம் தின்கிற எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு.

2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய் இறக்குமதிக்கு 20 சதவீத அடிப்படை வரி போட்டார்கள். எண்ணெய் வித்து விவசாயி கொஞ்சம் மூச்சு விட்டான். 2025 மே கடைசியில் அதையே 10 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். நம்ம மூட்டையைக் கமிட்டியில் இறக்கும்போது வியாபாரி ஏன் உதட்டைப் பிதுக்குகிறான் என்பதற்கு அங்கேயும் ஒரு காரணம் இருக்கிறது. அந்த மலிவு எண்ணெயில் பொரித்த பாக்கெட்டைத்தான் நம்ம பிள்ளை நம்ம காசைக் கொடுத்து வாங்குகிறது.

சரி, உருளைக்கிழங்கு சிப்ஸ் விற்றால் கிழங்கு போட்ட விவசாயிக்காவது லாபம் உண்டா? ஐந்து ரூபாய் பாக்கெட்டில் பத்து, பன்னிரண்டு கிராம் சரக்கு இருக்கும். கிலோ கணக்கில் பார்த்தால் 400 ரூபாய்க்கு மேல் போகிறது. அந்தப் பன்னிரண்டு கிராம் வறுவலுக்குச் சுமார் 50 கிராம் கிழங்கு போதும். கிழங்கு கிலோ 20 ரூபாய்க்கு விற்றாலும் விவசாயி பங்கு ஒரே ஒரு ரூபாய். மீதி நாலு ரூபாய் பாக்கெட்டுக்கும் விளம்பரத்துக்கும் கம்பெனிக்கும் வியாபாரிக்கும்.

குஜராத்தில் நடந்ததை மறந்துவிடாதீர்கள். 2019-இல் பெப்சி கம்பெனி தன் சிப்ஸ் கிழங்கு ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டதாகச் சொல்லி நாலு விவசாயிகள் மீது தலா 1 கோடியே 5 லட்சம் ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. நாடு முழுக்க விவசாய சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகுதான் அந்த ஆண்டு மே மாதம் வழக்கை வாபஸ் வாங்கியது. பிள்ளையிடம் ஐந்து ரூபாய், அப்பனிடம் ஒரு கோடி! இதுதான் பாக்கெட் வியாபாரத்தின் நியாயம்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். நாம் புதுசாக எதையும் கேட்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கில் 2015-இல் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் விதிமுறை வெளியிட்டது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலோ விடுதியிலோ விற்கக் கூடாது. பள்ளிக்கூட வாசலிலிருந்து எந்தப் பக்கமும் 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, இலவசமாகவும் கொடுக்கக் கூடாது. 2021 ஜூலையிலிருந்து இது நடைமுறைக்கு வந்துவிட்டது. நம்ம வட்டாரத்தில் எத்தனை பள்ளி வாசலில் இது நடக்கிறது? நீங்களே போய்ப் பாருங்கள். நம்ம பஞ்சாயத்துத் தலைவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

மெக்சிகோ நாட்டைப் பாருங்கள். சோளம் விளைவித்துச் சோள ரொட்டி தின்கிற ஜனங்கள். 1994-இல் அமெரிக்காவோடு தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் வந்தது. அமெரிக்கச் சோளம் வந்து குவிந்தது, சிறு விவசாயிகள் நொடித்துப் போனார்கள். பிள்ளைகள் பாட்டில் தண்ணீருக்கும் பாக்கெட்டுக்கும் பழகிப்போய், சர்க்கரை வியாதியும் உடல் பருமனும் அங்கே பெரும் பிரச்னை ஆகிவிட்டது. கடைசியில் 2020-இல் பாக்கெட் முகத்திலேயே கறுப்பு முத்திரை குத்தச் சொன்னார்கள். 2025 மார்ச்சிலிருந்து அந்த முத்திரை உள்ள பண்டத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் விற்கவே தடை. முப்பது வருஷம் பட்ட பிறகு எடுத்த முடிவு அது. நாமும் அவ்வளவு காலம் பட்டுத்தான் தீரணுமா?

இனி மறுப்பு சொல்கிறவர்களுக்குப் பதில்.

"என் காசு, என் பிள்ளை. அரசாங்கம் யார் தடுக்க?" என்கிறார்கள். வீட்டில் வாங்கிக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் பொது இடம். அங்கே பிள்ளை நம்ம கண்காணிப்பில் இல்லை. வகுப்புக்குள் "சத்தான உணவு சாப்பிடு" என்று பாடம், வாசலில் அதற்கு நேர்மாறான வியாபாரம். இரண்டில் எதைப் பிள்ளை நம்பும்? பீடி, சிகரெட் விற்கப் பள்ளியிலிருந்து 100 கஜம் தள்ளிப் போ என்று சட்டம் சொல்கிறபோது யாராவது உரிமை பேசினோமா?

"பெட்டிக்கடைக்காரர் வயிற்றில் அடிக்கலாமா?" என்கிறார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கடைக்காரரும் நம்ம ஊர் ஆள்தான். காணி நிலத்தை விற்றுவிட்டுக் கடை வைத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆகவே சங்கத்தின் நிலை தெளிவானது. அபராதம் போட வருகிற அதிகாரி முதலில் பெரிய பள்ளிகளின் கேன்டீனுக்குள்ளும் மொத்த வியாபாரியின் குடோனுக்குள்ளும் போகட்டும். வாசலில் கொய்யா, நெல்லிக்காய், வேகவைத்த கிழங்கு விற்கிற பாட்டியைத் துரத்துகிற வேலை வேண்டாம். அவர் கூடையில் இருப்பது நம்ம விளைச்சல். பெட்டிக்கடைக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்து, அவித்த மல்லாட்டை, சுண்டல், பழம், மோர் விற்க மகளிர் குழுக்கள் மூலம் சரக்கும் கடனும் ஏற்பாடு செய்யட்டும்.

ஒரு உண்மையும் சொல்லணும். நாட்டுப் பண்டம் என்பதாலேயே எல்லாம் நல்லது ஆகிவிடாது. பலமுறை காய்ச்சிய எண்ணெயில் போட்ட போண்டாவும் கேடுதான். கடலை மிட்டாயிலும் வெல்லம் உண்டு, அளவோடுதான் கொடுக்கணும். மல்லாட்டையை ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து நச்சு சேரும். நம்ம பிள்ளைகளுக்குப் போகிற சரக்கை நன்றாகக் காயவைத்து, சொத்தை பொறுக்கித்தான் தரணும். அந்தப் பொறுப்பு நம்முடையது.

தடை மட்டும் போட்டால் பிள்ளை 51-ஆவது மீட்டரில் போய் வாங்கும். பசிக்கிற நேரத்தில் கையில் வேறு பண்டம் இருக்கணும். அதைத் தர வேண்டியது அரசாங்கம், விளைவிக்க வேண்டியது நாம். 1956-இல் காமராஜர் மதிய உணவு தொடங்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். கலைஞர் காலத்தில் 1989-இல் முட்டை சேர்ந்து, 2010-இல் வாரம் ஐந்து முட்டை ஆனது. 2022-இல் ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவும் வந்தது. கட்சி எதுவாக இருந்தாலும் தட்டு பெரிதாகிக்கொண்டேதான் வந்திருக்கிறது. சத்துணவு முட்டை நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு ஒரு நிலையான சந்தை ஆனது. கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் போட்ட விவசாயியும் பிழைத்தான். முட்டைக்கு முடிந்தது மல்லாட்டைக்கும் கேவுருக்கும் ஏன் முடியாது?

கணக்கைப் பாருங்கள். 2025-26-க்கு மல்லாட்டைக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டால் 7,263 ரூபாய். அந்த விலைக்கே எங்களிடம் வாங்கட்டும். தோலோடு 50 கிராம் மல்லாட்டை நாலு ரூபாய்க்குள் அடங்கும். அதை அவித்துக் கொடுத்தால் ஒரு முட்டைக்குக் குறையாத புரதம். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். பக்கத்துக் கர்நாடகத்தில் 2024-இலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலோடு கேழ்வரகு மாவுக் கஞ்சி கொடுக்கிறார்கள். நம்ம மானாவாரிக் காட்டில் விளையாத பண்டமா அது?

ஒரு பள்ளியில் 100 பிள்ளைகள், தலைக்குப் பத்து ரூபாய், வருஷம் 200 நாள் என்று வையுங்கள். இரண்டு லட்சம் ரூபாய் ஒரு ஊரிலிருந்து பாக்கெட்டுக்குப் போகிறது. அதில் பாதி நம்ம ஊர் விளைச்சலுக்குத் திரும்பினாலும் ஒரு லட்சம். பத்து ஊர் சேர்ந்தால் பத்து லட்சம்.

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. பள்ளியிலும் 50 மீட்டருக்குள்ளும் பாக்கெட் நொறுக்குத்தீனி, கலர் பாட்டில் விற்பதைத் தடுக்கும் விதியை, கேன்டீனில் தொடங்கி, உடனே அமல்படுத்து.

2. பதினொரு மணிக்கு அவித்த மல்லாட்டை, சுண்டல் அல்லது கேழ்வரகுக் கஞ்சி கொடு. அதற்கான விளைபொருளை உள்ளூர் விவசாயிகளிடம் ஆதரவு விலைக்குக் குறையாமல் கொள்முதல் செய்.

3. சத்துணவுக்கும் ரேஷனுக்கும் பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் கொடு.

4. எண்ணெய் இறக்குமதி வரியை உயர்த்து.

5. பெட்டிக்கடைக்காரருக்கு மாற்று ஏற்பாடும் கால அவகாசமும் கொடு.

அரசாங்கம் செய்யும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், அதாவது நாம். அடுத்த கூட்டத்தில் தாய்மார்கள் எழுந்து நின்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். அடுத்த கிராம சபையிலும் அதே தீர்மானத்தை எழுத்தாக வைத்து, மினிட் நோட்டில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கலைய வேண்டும்.

தர்ணாவுக்கு வரும்போது உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் கிடக்கும் காலிப் பாக்கெட்டுகளை ஒரு சாக்கில் பொறுக்கிக் கொண்டுவாருங்கள். மனுவோடு சேர்த்து அதையும் வட்டாட்சியர் மேசையில் வைப்போம். ஆளுக்கு ஒரு படி மல்லாட்டையும் எடுத்துவாருங்கள். அங்கேயே அவித்து, வருகிற பிள்ளைகளுக்கு எல்லாம் கொடுப்போம்.

நம்ம பிள்ளை வயிற்றுக்கு நம்ம நிலத்து விளைச்சல்!
பள்ளி வாசலை மீட்போம்! மல்லாட்டைக்கு விலை கேட்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!