புளியமுத்து விளையாட்டும் ஒரு தவணையும்

(தலைவிகள் கூட்டத்தில் வட்டார ஒருங்கிணைப்பாளர் பேசியது)

வாசலில் நிற்கிற அக்காமார் கொஞ்சம் உள்ளே வந்து உட்காருங்க.

போன கூட்டத்தில் புளியமுத்து வைத்து ஆடினோமே, ஞாபகம் இருக்கா? ரெண்டு பேர் முதுகோடு முதுகு உட்காரணும். நீங்க ஒரு முத்து கொடுத்தா அடுத்தவருக்கு மூணு கிடைக்கும். ரெண்டு பேரும் கொடுத்தா ஆளுக்கு ரெண்டு லாபம். ஒருத்தர் கொடுத்து, மற்றவர் கையை மூடிக்கிட்டா, கொடுத்தவருக்கு ஒண்ணு நஷ்டம், மூடினவருக்கு மூணு லாபம். ரெண்டு பேரும் மூடினா யாருக்கும் ஒண்ணுமில்லை.

இது நான் கண்டுபிடித்ததில்லை. 2017இல் நிக்கி கேஸ் என்பவர் கம்ப்யூட்டரில் ஆடுவதற்காக, காசு போடும் ஆட்டமாக இதைச் செய்தார். அதற்கு முன்னாலேயே 1980 வாக்கில் அமெரிக்காவில் ராபர்ட் ஆக்சல்ராட் என்ற பேராசிரியர், இதே மாதிரி ஓர் ஆட்டத்துக்குப் பல நிபுணர்களிடம் ஆடும் முறையை எழுதி வாங்கி மோதவிட்டார். பெரிய பெரிய தந்திரமெல்லாம் தோற்றுப்போச்சு. அனடோல் ராப்போபோர்ட் அனுப்பியதுதான் ஜெயித்தது. முதலில் கொடு, அப்புறம் அடுத்தவர் போன தடவை செய்ததையே நீயும் செய். அவ்வளவுதான்.

ஒரே தடவை ஆட்டம் என்றால் கையை மூடுகிறவருக்குத்தான் லாபம். மாட்டுத்தாவணியில் ஒருநாள் பார்த்த வியாபாரி ஏமாத்திட்டு பஸ் ஏறிடலாம். மாசாமாசம் ஒரே பாயில் உட்காருகிறவர் நம்ம முகத்தில் முழிக்கணுமே! 1990இல் மதுரைப் பக்கம் களஞ்சியம் தொடங்கியபோது நகை, பத்திரம் எதுவும் கேட்காமல் பெண்களுக்குள் கடன் சுற்றியதற்கு இதுதான் காரணம் என்பேன். 2019இல் பத்மஸ்ரீ வாங்கிய நம்ம சின்னப்பிள்ளை அம்மா அந்தக் களஞ்சியத்தில் வந்தவர்தான்.

ஆனா நிக்கி கேஸ் ஆட்டத்தில் இன்னொண்ணும் இருக்கு. ஒருத்தர் கொடுக்க நினைத்து, கை தவறிக் கொடுக்காமல் போயிடுறார். அடுத்தவர் அதை ஏமாத்து என்று நினைத்துப் பதிலுக்கு மூடுறார். அப்புறம் மாத்தி மாத்திப் பழிவாங்கல்தான். இப்படித் தவறு நடக்கிற இடத்தில், ஒருமுறை பொறுத்து, ரெண்டாவது முறையும் தொடர்ந்து மூடினால் மட்டும் பதில் செய்கிறவர்தான் நல்லா வர்றார். தவறு மிதமிஞ்சிப் போனா அவராலும் முடியாது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன்னா, நம்ம குழு ஒன்றில் இதே நடந்தது. ஓர் அக்கா தவணை 500 ரூபாயை மகனிடம் கொடுத்தனுப்பினார். பாஸ்புக்கில் வரவு வைத்தாச்சு, பேரேட்டில் ஏறலை. அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "நீ கட்டலை" என்று சொன்னாங்க. அவர் கோபத்தில் அடுத்த மாதம் வரவே இல்லை. "அவ கட்டலை, நான் மட்டும் ஏன் கட்டணும்?" என்று மூணு பேர். ஆறாவது மாதம் கடன் கொடுப்பதே நின்னுபோச்சு. அந்த நோட்டைச் சரிபார்க்க வேண்டியவள் நான். பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

அதனால் இனிமேல் தவணை தவறியவர் என்று எழுதும் முன்னால் பாஸ்புக்கை வாங்கிப் பாருங்க. அவர் வரலைன்னா வீட்டுக்கே போய்க் கேளுங்க. ரெண்டாவது மாதமும் நின்னா அப்போ கறாரா பேசுங்க, நானும் கூட வர்றேன்.

அந்தக் குழுவில் ஒன்பது பேர் இப்போ மறுபடி சேமிப்புக் கட்டுறாங்க. அந்த அக்கா இன்னும் வரலை. போன செவ்வாய்க்கிழமையும் போயிருந்தேன். காப்பி கொடுத்தாங்க. குழுப் பேச்சை எடுத்ததும் மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போயிட்டாங்க.